பத்தரை மணி வரை இருக்க அனுமதி

1993 யூன் மாத முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்குக் கடைவாசலில் பதினான்கு பெண்பிள்ளைகள் நின்றார்கள். அவர்களில் என்னைக் கண்டதும் "அன்ரி" என்று கூப்பிட்டவள் நிரஞ்சனா மட்டும்தான்.

வாடகை உடுப்புக் கடையில் இடுப்பளவு எடுக்கிறவளுக்குத்தான் ஒரு வீட்டில் என்ன சண்டை நடக்கிறது என்று முதலில் தெரியவரும். லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் மிஸிஸ் டோசன் என்ற அம்மாவின் கடையில் நான் ஏழு வருடம் அந்த வேலை பார்த்தேன். ஆண்களுக்குக் கறுப்புக் கோட், பெண்களுக்கு நீளச் சட்டை. கல்யாணம், கம்பனி விருந்து என்று வருடம் முழுக்க ஆட்கள் வருவார்கள். யூனில் மட்டும் கடை பள்ளிக்கூடமாகிவிடும். பதினாறு வயதில் பெரிய பரீட்சை எழுதி முடிக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு நடன விருந்து வைக்கும். இப்போது அதற்கு அமெரிக்காவிலிருந்து பெயர் வந்து 'ப்ரொம்' என்கிறார்கள். அப்போது அது 'லீவர்ஸ் பால்'. பெயர் எதுவானாலும் செலவு தாய் தகப்பனுடையது.

பதினாறு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு யூன் மாதத்தைத் தாண்டியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டம்

நிரஞ்சனா அன்று பின்னேரம் தாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். தாய் கமலா காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை செய்பவர். சட்டையின் நீளத்தைச் சப்பாத்தோடு வைத்துத்தான் பார்க்கவேண்டும், அன்றைக்குப் போடப்போகும் சப்பாத்தைக் கொண்டு வா என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டிருந்தேன். கமலா பையைத் திறந்து மேசையில் வைத்தது ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. நன்றாகத் தோய்த்து, புது நாடா போட்டிருந்தது.

நிரஞ்சனா தலையில் கை வைத்தாள். அவள் பேசுவது ஆங்கிலம். 'அம்மா', 'அப்பா', 'அன்ரி' மூன்றும்தான் தமிழ். "அம்மா, இது பந்து இல்லை, டான்ஸ் என்று எத்தனை தரம் சொன்னேன்?" என்றாள். ஆங்கிலத்தில் பந்துக்கும் நடன விருந்துக்கும் 'பால்' என்ற ஒரே சொல்தான். போன வருடம் நெற்போல் என்ற பந்தாட்டக் குழுவுக்குக் கடிதம் வந்தபோதும் அதில் 'பால்' என்றுதான் இருந்தது, எனவே கமலாவில் பிழை சொல்ல முடியாது. அவர் சப்பாத்தைத் திரும்பப் பையில் வைத்தபடி என்னிடம் சொன்னார்:

"பந்தாட்டமெண்டு நினைச்சன் தங்கச்சி, வெறும் ஆட்டமாம். பந்து இல்லாத ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு காசு?"

செலவு

காசு எவ்வளவு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். நுழைவுச்சீட்டு பதினான்கு பவுண். சட்டை வாடகை இருபத்தெட்டு. திருப்பித் தருகிற முன்பணம் இருபது. சப்பாத்து, கைப்பை, தலைமுடி அலங்காரம். பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நீளக் கார் பிடிக்கப்போகிறார்கள், அதில் ஒரு பங்கு. கமலா ஒவ்வொரு வரியாக வாசித்து, கார் பங்கை மட்டும் பேனையால் வெட்டினார். "அப்பாட்டைக் கார் இருக்கு."

இவ்வளவும் தேவையா என்று நான் கேட்டேன். கடையில் வேலை செய்கிறவள் கேட்கக்கூடாத கேள்வி; மிஸிஸ் டோசனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கமலா மகளைப் பார்த்தார். அவள் உடுப்பு மாற்றும் திரைக்குப் பின்னால் நின்றாள். 1988இல் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வகுப்பில் நிரஞ்சனாவுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லையாம். மத்தியானச் சாப்பாட்டை ஒரு வருடம் தனியே சாப்பிட்டிருக்கிறாள். இந்த விருந்துக்கு மேசைக்குப் பத்துப் பேர் என்று பிரித்தபோது அவளுடைய மேசைக்குப் பதின்மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். விருந்து முடிவில் ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லவும் அவளைத்தான் பிடித்திருக்கிறார்கள். அந்த ஒரு சாயந்தரம் அவளுக்கு என்ன பெறுமதி என்று தாய்க்குத் தெரிந்திருந்தது.

"இவள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியச் சடங்கு எண்டு மண்டபம், வீடியோ, அறுநூறு பேருக்குச் சாப்பாடு. இவள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டாள், நாங்கள்தான் கொண்டாடினனாங்கள். இதிலையாவது நிமிர்ந்து நிக்கட்டும்."

மஞ்சள்

முன்பணம் கட்டியவர்கள் சட்டையை இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அது தகப்பன்மாருக்குக் காட்டுவதற்காக. நிரஞ்சனா எடுத்தது வெளிர் நீலச் சட்டை. மூன்றாம் நாள் கமலா அதை மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வேண்டாமாம். அவர் கையெழுத்து வைக்கமாட்டாராம்." பிள்ளை விருந்துக்கு வருவதற்குத் தகப்பனோ தாயோ கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். அந்த வீட்டில் பள்ளிக்கூடக் கடிதங்களில் கையெழுத்து வைப்பது தகப்பன் சபாநாதன். சீட்டைக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

மிஸிஸ் டோசன் எந்தச் சட்டை திரும்பி வந்தாலும் மேசை விளக்கின் கீழே விரித்து ஓரம் முழுக்கப் பார்ப்பார். அன்று உள் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டைக் கண்டுபிடித்தார். கடுகுச் சாஸ் பட்டிருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். புது உடுப்பு உடுத்துமுன் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம், நன்மைக்காகச் செய்வது என்று நான் விளங்கப்படுத்தினேன். "புதிதா? இதை இதற்கு முன் முப்பது பேராவது போட்டிருப்பார்களே. இது பழையது என்று நீ இவரிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார் மிஸிஸ் டோசன். கேள்வியை மொழிபெயர்த்தேன். கமலா அந்த மஞ்சள் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"முப்பது பேர் போட்டிருக்கட்டும். என்ர பிள்ளைக்கு அது புதுசுதானே."

மிஸிஸ் டோசன் சட்டையைத் திரும்ப அடுக்கில் தொங்கவிடவில்லை. நிரஞ்சனாவின் பெயர்த் துண்டோடு பின்னறையில் கொழுவினார்.

புத்திமதி

அடுத்த வியாழக்கிழமை முன்பணத்தைத் திருப்பி வாங்கச் சபாநாதன் அண்ணையே வந்தார். பெற்றோல் நிலையத்து மேற்சட்டையோடு, ஷிப்டுக்குப் போகிற வழியில். எனக்கு முதலே அவரைப் பற்றி ஒரு முடிவு இருந்தது. மகள் ஆடப்போகிறாள், பையன்களும் வருவார்கள், சட்டைக்குக் கை இல்லை. இதைவிட வேறு காரணம் ஒரு யாழ்ப்பாணத் தகப்பனுக்கு என்ன இருக்கும்? நிரஞ்சனாவும் அப்படித்தான் நினைத்தாள். "அப்பாவுக்கு என்னில் நம்பிக்கை இல்லை, அன்ரி" என்று தொலைபேசியில் அழுதிருந்தாள். அவர்களுடைய வீட்டுக்கு வந்துபோகிற ஆட்கள் எல்லாரும் அவருக்குப் புத்தி சொல்லி முடித்திருந்தார்கள். நான் கடைசி ஆள்.

அரை மணித்தியாலம் சொன்னேன். காலம் மாறிவிட்டது என்றேன். பிள்ளைகளை நம்பவேண்டும் என்றேன். வேண்டுமானால் சட்டைக்கு அதே துணியில் முழங்கை வரை கை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம், நீங்கள் சொல்றது சரி" என்று தலையாட்டினார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற ஆளிடம் மேலே என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவர் இருபது பவுணை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தார்.

"கை ஒண்டும் தைக்கத் தேவையில்லை தங்கச்சி, இருக்கிற சட்டை வடிவாத்தான் இருக்கு. அவள் ஆடட்டும், ஆரோட வேணுமெண்டாலும் ஆடட்டும். நான் உதிலை கையெழுத்து வைக்கமாட்டன்."

ஒரு சொல்

'உதிலை', அதாவது 'அதிலே', என்ற சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது. எதிலே என்று கேட்டேன். மேற்சட்டையின் உட்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். பள்ளிக்கூடக் கடிதம். சிவப்புப் பேனையால் மூன்று இடத்தில் கீறியிருந்தார். மூன்றும் ஒரே சொல்.

'லீவ்' என்றால் ஊரில் எங்களுக்கு விடுமுறை. உள்துறை அமைச்சுக் கடிதத்தில் அது இந்த நாட்டில் தங்கியிருக்க அனுமதி. அதே கடிதத்தின் அடுத்த பந்தியில் அது நாட்டைவிட்டு வெளியேறுவது. சபாநாதன் அண்ணை ஐந்து வருடமாக ஆங்கிலம் படித்தது அமைச்சின் குரோய்டன் அலுவலகத்திலிருந்து வந்த அந்தக் கடிதங்களில்தான். அவர்கள் குடும்பத்துக்கு அகதி விண்ணப்பத்தில் கிடைத்திருந்த லீவ் அந்த ஒக்ரோபரோடு முடிகிறது. நீடிக்கச் சொல்லி எழுதிப்போட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து 'லீவர்ஸ்', அதாவது போகிறவர்கள், என்று தலைப்பிட்ட பட்டியல் வருகிறது, எழுபத்தோராவது பெயர் தன் மகளுடையது. கீழே தகப்பன் கையெழுத்து வைக்கவேண்டிய சீட்டு. அதிபர் பழங்காலத்து ஆள் போலிருக்கிறது. விளங்குகிற சொல்லை விட்டுவிட்டு, 'என் பிள்ளை இரவு பத்தரை மணி வரை இருப்பதற்கு லீவ் கொடுக்கிறேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. என் வீட்டு அலுமாரியிலும் அதே குரோய்டன் கடிதம் இருந்தது, அதே சொல் இருந்தது.

"இது பள்ளிக்கூடத்து அலுவல், அண்ணை" என்றேன். "தெரியும். எனக்கொண்டும் விசர் பிடிக்கேல்லை" என்றார். வந்து இறங்கிய அன்று அவர் வாசித்துப் பார்க்காமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்தவராம். அதில் மகளின் பிறந்த வருடம் பிழையாக இருந்திருக்கிறது. அதைத் திருத்த இரண்டு வருடம் வக்கீலுக்குப் பின்னால் அலைந்திருக்கிறார். "அதோடை, இவள் போகவே இல்லையே. செப்டெம்பரிலை அதே பள்ளிக்கூடத்திலைதான் மேல்வகுப்புப் படிக்கப்போறாள். பிறகேன் போறவை எண்ட லிஸ்றிலை பேர்?"

கடிதத்தை மடித்து உறையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பத்தரை மட்டும்தான் இருக்க லீவ் எண்டு பெத்த தகப்பன் நானே எழுதிக் குடுத்தா, பத்தரைக்குப் பிறகு என்ர பிள்ளை எங்கை, தங்கச்சி?"

முத்திரை

அன்று பின்னேரமே நிரஞ்சனாவைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அளவு நாடாவைச் சுருட்டுவதும் விடுவதுமாக நின்றாள். பிறகு, "அப்ப பொடியன்களைப் பற்றி அப்பா ஒண்டுமே சொல்லேல்லையா?" என்று கேட்டாள், அவ்வளவு காலத்துக்குப் பிறகு முழுக்க முழுக்கத் தமிழில். ஆரோடு வேண்டுமானாலும் ஆடலாமாம் என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் அவள் வகுப்புப் பொறுப்பாசிரியை மிஸ் ஓவனிடம் போனாள். மிஸ் ஓவன் முதலில் சிரித்தாராம். நிரஞ்சனா ஒக்ரோபர் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, உடனே தட்டச்சின் முன்னால் உட்கார்ந்து புதுக் கடிதம் அடித்திருக்கிறார். அதை நான் பார்த்தேன். மொத்தம் நான்கு வரி. 'நிரஞ்சனா இந்தப் பள்ளியைவிட்டுப் போகவில்லை. அவள் இங்கேயே இருக்கிறாள். எங்களோடு அவள் இருப்பது எங்களுக்கு மகிழ்ச்சி. யூலை விருந்துக்கு அவள் வருவதில் பெற்றோருக்குச் சம்மதமானால் கீழே கையெழுத்திடவும்.' லீவ் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கும் இல்லை.

சபாநாதன் அண்ணை அதைக் கடைக்கே கொண்டுவந்து என்னை ஒருதரம் வாசிக்கச் சொல்லி, தானும் இரண்டு தரம் வாசித்தார். எல்லாம் சரி, முத்திரை இல்லையே என்றார். கடிதம் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அலுவலகம் பூட்டிவிட்டதால் மிஸ் ஓவன் கையில் அகப்பட்ட முத்திரையைக் குத்தி அனுப்பினார். அது நூலகத்து முத்திரை. 'நூலகத்தின் உடைமை, வெளியே கொண்டுசெல்லக்கூடாது' என்று நிரஞ்சனாவின் பெயருக்குப் பக்கத்தில் ஊதா மையில் இருந்தது. இதை அவர் ஏற்கமாட்டார் என்று நான் பயந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்து, என்னிடமே பேனை வாங்கிக் கையெழுத்தை வைத்தார், முன்பண இருபது பவுணையும் திரும்பக் கட்டினார். மூலத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்குமுன் இரண்டு நகல் எடுத்தார். ஒன்று தனக்கு, மற்றது குரோய்டனுக்குப் போகிற விண்ணப்பக் கோவைக்கு. வக்கீல் அது தேவையில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

"வெளியிலை கொண்டுபோகக் கூடாது எண்டு சீல் குத்தியிருக்கிறாங்கள். இதைவிட நல்ல சீல் எந்த ஒபிஸிலை கிடைக்கும்?"

திரும்பி வந்த சட்டை

யூலை இரண்டாம் வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்கு நிரஞ்சனா எங்கள் பின்னறையில்தான் உடுத்தாள். கமலா ஆர்ச்வே முருகன் கோயிலில் மகளின் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, இரண்டு ரயில் மாறி, திருநீற்றுப் பொட்டலத்தோடு ஓடிவந்து சேர்ந்தார். திருநீறு நெற்றியில் வேண்டாம் என்று ஒரு சிறு வழக்கு நடந்து, காதுக்குப் பின்னால் பூசுவதாகச் சமாதானம் ஆயிற்று. சபாநாதன் அண்ணை பழைய சிவப்புக் காரைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். மற்றப் பிள்ளைகளின் நீளக் கார் வழியில் நெரிசலில் மாட்டி முக்கால் மணித்தியாலம் பிந்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இவள் நேரத்துக்குப் போய்விட்டாள்.

நான் அங்கே போகவில்லை. போகத் தேவையுமில்லை. வாடகைக் கடைக்காரருக்குச் சட்டை திரும்பி வரும்போது எல்லாம் தெரிந்துவிடும். சுவரோரம் கதிரையில் இருந்தவளின் சட்டை முன்புறம் புதிது மாதிரி இருக்கும், பின்புறம் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருக்கும். ஒரு யூலையில் அப்படிப்பட்ட சட்டைகள் ஏழெட்டாவது வரும். அவற்றை மிஸிஸ் டோசன் மெதுவாகத் தேய்த்து மடிப்பெடுப்பார்.

திங்கட்கிழமை காலை கமலா வெளிர் நீலச் சட்டையைக் கொண்டுவந்து வைத்தார். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் பிரிந்து தொங்கியது. யாரோ மிதித்த சப்பாத்து அடையாளம் மூன்று இடத்தில். தோளில் தோடம்பழச் சாறு. பின்புறத்தில் ஒரு மடிப்புக்கூட இல்லை. முன்பணத்தில் எவ்வளவு வெட்டுவார்கள் என்று கமலா என்னைப் பார்த்தார், நான் மிஸிஸ் டோசனைப் பார்த்தேன். அவர் சட்டையை விளக்கின் கீழே விரித்து, பிரிந்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இருபது பவுணையும் முழுதாக எடுத்து வைத்தார். பிறகு கமலாவிடம் நேராகவே சொன்னார், நான் மொழிபெயர்க்குமுன் கமலாவுக்கு விளங்கிவிட்டது:

"உங்கள் மகள் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை."

ஒக்ரோபரில் குரோய்டனிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இன்னும் மூன்று வருட லீவ் வந்தது, நூலக முத்திரையை அங்கே யாரும் பார்த்தார்களா என்று எவருக்கும் தெரியாது. லீவர் என்று எழுதி ஒரு வீட்டையே நடுங்கவைத்த அந்தப் பள்ளிக்கூடத்தைவிட்டு நிரஞ்சனா போனது 1995 யூலையில், படித்து முடித்த பிறகு.